மூன்றாம் எண் கூண்டு

முதலில் தண்ணீரைத்தான் கவனித்தேன்.
மண்டபத்தில் எல்லாரும் முதலில் தண்ணீரைத்தான் கவனிப்போம்.
லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஒரு நாய் தனியாக
நாலு நாளில் ஒரு குடத்தைக் காலி செய்தால்
தெருவுக்கே கணக்கு தெரிந்துவிடும்.

டோக்கன் என்று பேர்.
வடக்குத் துறையில், கடலுக்குப் போக
டோக்கன் போடும் ஜன்னலடியில் கிடந்த குட்டியை
இன்னாசி கைலி மடிப்பில் தூக்கிவந்தார்.
பதிமூன்று வருசம் ஆகிறது.

"உங்க வீட்டு நாய்க்கு வந்த செழிப்பப் பாரு"
என்பாள் பஞ்சவர்ணம்.
வயிறு பானை மாதிரி இருக்கும்.
காரல் காயப்போட்ட தார்ப்பாயில்
அவன் தின்றது போக மிச்சந்தான் எங்களுக்கு.
கிழடு தட்டியும் பசி குறையவில்லையே என்று
நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.
கால்கள் குச்சியானதை யாரும் பார்க்கவில்லை.
மார்கழிப் பனியிலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தான்.
இரண்டு விலாவிலும் ஒரே அளவாக முடி உதிர்ந்து
அடியில் தோல், வெங்காயச் சருகாக,
நீல நரம்பு தெரிய.
ராத்திரி மூத்திரம்
முதலில் வாசலுக்கு வெளியே,
பிறகு நிலைப்படியில்,
பிறகு பாயில்.

ஒருநாள் அவன் சட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.
கவிழ்ந்த சட்டியின் முதுகை
விடியும்வரை நக்கிக்கொண்டிருந்தான்.

ஐஸ் பெட்டி ஏற்றும் ஆட்டோவில் ராமநாதபுரம் போனோம்.
டாக்டர் நிஸா மிச்ச முடியையும் வழித்து
பசை தடவித் திரையைத் திருப்பினார்.
கறுப்பும் சாம்பலும்.
இருபது வருசமாக எக்கோ சவுண்டர் பார்த்த மனுசன்
டாக்டர் விரல் நீட்டுமுன்பே
"அந்தா" என்றார்.

கிட்னிக்கு மேலே
மொச்சைக்கொட்டையாக இருக்க வேண்டிய சுரப்பி
எலுமிச்சங்காயாக.
பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழைந்துவிட்டதாம்.
புற்றாகத்தான் இருக்கும், இந்த வயசில் வெட்ட முடியாது.
"மீன் கூட்டம் மாதிரியே இருக்கு"
என்றார் இன்னாசி, யாரிடமும் சொல்லாதது போல.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு:
ஆபத்து வந்தால் உடம்பு சுரக்கிற ஒன்று,
ஆபத்து போனதும் நிற்க வேண்டும்.
இவனுக்கு நிற்கவில்லை.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றுவார்கள்,
வானம் வெளுத்தால் இறக்குவார்கள்.
ஏற்றிய ஆள் கயிற்றோடு ஊரைவிட்டுப் போய்விட்ட மாதிரி
இவனுக்குள் ஒரு கூண்டு.
காற்றில்லை, பளிச்சென்று வெயில்,
பெண்கடல் தாம்பாளமாகக் கிடக்கிறது.
கூண்டு மட்டும் மேலே.

எனக்குத் தெரியாதா அது.
எல்லை தாண்டினதாக இவரைப் பிடித்துப்போய்
இருபத்தொரு நாள் வைத்திருந்தார்கள்.
திரும்பி வந்து எட்டு வருசம்.
இப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு
நெஞ்சு படபடவென்று அடித்து முழிப்பு வரும்.
பக்கத்தில்தான் குறட்டை விடுவார்.
எனக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை.

மாத்திரை மதுரையிலிருந்து வர வேண்டும்,
மாதம் நாலாயிரம்.
"தாகம் கொறையும்மா. கட்டி கொறையாது."
படகு ஓனரிடம் முன்பணம் கேட்டு
இரண்டு மாதத்துக்கு வாங்கினோம்.
மூன்றாவது மாதம் தடைக்காலம்.
அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

நேற்று பஞ்சவர்ணம் ஒரு குடத்தை
இடுப்போடு கொண்டுவந்து இறக்கினாள்.
"கொடத்த மட்டும் திருப்பிக் குடுத்துரு."
டோக்கனை அவள் பார்க்கவில்லை,
அவன்தான் பார்த்தான், குடத்தை.

இன்று லாரி வரவில்லை.
குழவி அம்மிக்குப் போய்விட்டது,
சட்டி நிமிர்ந்து கிடக்கிறது.
இரண்டு மணி.
நானும் முழித்துக்கொண்டேன்.
இருட்டில் அவன் குடிக்கிற சத்தம்.
எத்தனை நக்கு என்று எண்ணாமல்
கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.
கொஞ்ச நேரத்தில்
எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும்.